என் மேசையில் அவர் கை

நான்கு வருஷத்தில் அவர் எங்கள் தாலுகா ஆபீஸுக்கு நேரில் வந்தது மூன்றே மூன்று தடவை. ஆனால் லீவு நாள் போக, அவர் அங்கே இல்லாத நாள் என்று ஒன்று கிடையாது. காலை பத்தரை மணி ஆனால் என் மேசைக் கம்ப்யூட்டருக்குள் வந்து உட்கார்ந்துவிடுவார். ஆள் இருப்பதோ முப்பது கிலோமீட்டர் தள்ளி, மாவட்டத் தலைநகரில், ஃபேனுக்கு நேர் கீழே. அவர் பேரைச் சொல்ல எனக்கு மனசில்லை. சொன்னால், தெரிந்தவர்கள் 'அட, அந்தத் தங்கமான மனுஷனா' என்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டு சிரிக்கிற பொறுமை எனக்கு இப்போது இல்லை.

நிலக் கணக்கையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலைக்கு அவர் மாவட்டத்துக்கே தொழில்நுட்ப அதிகாரி. நான் ஒப்பந்த ஆபரேட்டர், தினக்கூலியைவிட ஒரு படி மேல். எந்த சர்வே நம்பரில் என்ன பயிர், யார் சாகுபடி என்று கிராமக் கணக்கைப் பார்த்து அடிக்க வேண்டும். யார் சாகுபடி என்கிற அந்த ஒரு கட்டத்துக்காகத்தான் எங்கள் ஊரில் அத்தனை சண்டையும் நடந்தது. நிலம் மடத்துடையது. உழுதது எங்கள் தெரு. குறுவையும் சம்பாவும் எங்கள் ஆட்கள் போட்டாலும் காகிதத்தில் எங்கள் பேர் இல்லாத காலம் ஒன்று இருந்தது. அப்பாவும் இன்னும் பதினோரு பேரும் செங்கொடி பிடித்து, களத்தில் நெல்லை மறித்து, இரண்டு முறை ஜெயிலுக்குப் போன பிறகுதான் குத்தகைப் பதிவேட்டில் பன்னிரண்டு பேர் ஏறின. அந்தப் பேர் இருக்கிறவரை மடம் எங்களைக் கிளப்ப முடியாது. பேர் போனால் நாங்கள் யாரோ.

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அந்தப் பதிவேடு கம்ப்யூட்டருக்கு மாறியது. அப்பா பேரை என் கையாலேயே அடித்தேன். சாயங்காலம் வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். "இனிமே கரையான் திங்காது, பாப்பா" என்றார். பழைய பதிவேட்டைச் சிவப்புத் துணியில் கட்டி மாவட்ட ஆபீஸுக்கு அனுப்பினார்கள். முடிச்சுப் போட்டதும் நான்தான்.

அவருக்கு எதையும் தொடப் பிடிக்காது. முதல் தடவை மெஷின் மாட்ட வந்தபோதே கவனித்தேன். ஸ்விட்சைப் பேனா மூடியால் அழுத்தினார். கதவை முழங்கையால் தள்ளினார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட அவர் பேனா, குடிக்க அவர் ஃபிளாஸ்க். உட்காரும் முன் நாற்காலியில் கைக்குட்டை விரித்தார். எங்கள் ஆபீஸ் நாற்காலியை நினைத்தால் அதைத் தப்பென்று சொல்ல முடியாது. வேலை முடிந்ததும், "இனிமே நான் வரத் தேவையில்லைங்க. அங்கேருந்தே பாத்துப்பேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் ஆபீஸ் மெஷினும் அவருடைய மெஷினும் வேறு வேறு வகை. எங்களுடையது ஊரெல்லாம் இருக்கிற சாதாரண டப்பா. அவருடையது வெளிநாட்டில் இருந்த தம்பி கொண்டுவந்து கொடுத்தது, வெள்ளை வெளேரென்று, மடக்கி எடுத்துப்போகிற மாதிரி. இதில் ஓடுகிற புரோகிராம் அதில் ஓடாது. அதற்கென்று எழுதியது இதற்குப் புரியாது. ஆனால் எங்கள் மெஷினில் சின்னதாக ஒரு புரோகிராம் போட்டு வைத்திருந்தார். அவர் பக்கத்தில் அதற்கு ஜோடியாக இன்னொன்று. இரண்டும் போன் லைன் வழியாகப் பேசிக்கொள்ளும். என் திரையில் இருப்பது அப்படியே அவர் திரையில் ஒரு ஜன்னலாகத் தெரியும். அவர் அங்கே மவுஸை நகர்த்தினால் இங்கே அம்புக்குறி நகரும். அவர் அங்கே அடித்தால் இங்கே எழுத்து விழும். "உங்க சாப்ட்வேர் என் மெஷின்ல ஏறாதுங்க. ஆனா உங்க மெஷினே என் மெஷின்ல ஏறும்" என்பார். எத்தனை தடவை சொன்னாலும் அதில் அவருக்கு ஆசை தீராது.

அவர் வந்திருக்கிறார் என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. அவருடைய கீபோர்டில் காப்பி எடுக்க அழுத்துகிற பட்டன் வேறு. பழக்கத்தில் அதை அழுத்திவிடுவார். உடனே என் திரையின் இடது மூலையில் பட்டியல் ஒன்று சம்பந்தமில்லாமல் மேலே எழும்பும். ஆளைக் காலடிச் சத்தத்தில் கண்டுபிடிப்பதுபோல நான் அவரை அதில் கண்டுபிடித்துவிடுவேன்.

பேச வேண்டுமென்றால் நோட்பேடைத் திறப்பார். ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பார். சாப்பிட்டாச்சா, அங்கே மழையா, தாசில்தார் மூட் எப்படி என்று கேட்பார். நான் அதற்குக் கீழேயே பதில் அடிப்பேன். ஒரே தாள், ஆள் இரண்டு. போகும்போது முழுவதையும் அழித்து, சேமிக்காமல் மூடுவார். சுத்தமான மனுஷர், எதையும் விட்டுவைக்க மாட்டார் என்று எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது. எங்கள் ஆபீஸில் என்னை 'இந்தாம்மா' என்று கூப்பிடாதவர் அவர் ஒருவர்தான். எல்லாவற்றுக்கும் 'ங்க' போடுவார்.

அவர் இருந்த நேரத்தில் ஒரே ஒரு கட்டளைதான். "நான் உள்ள இருக்கும்போது மவுஸத் தொடாதீங்க. ரெண்டு பேர் புடிச்சா அம்பு ஆடும்." அதனால் பட்டியல் எழும்பியதும் நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். சில நாள் அரை மணி நேரம்கூட அப்படியே உட்கார்ந்திருப்பேன். என் நாற்காலி, என் மேசை, என் பேரில் திறந்திருக்கிற மெஷின், வேலை மட்டும் தானாக நடக்கும். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வேடிக்கை பார்க்கச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று தலையாரி கேலி செய்வார்.

ஒரு மார்கழியில் வேதாரண்யம் பக்கம் புயல் கரையேறி, எங்கள் தாலுகாவில் கதிர் தலைசாய்ந்த சம்பா மொத்தமும் தண்ணீரில் கிடந்தது. நிவாரணத்துக்குப் பயிர்க் கணக்கான அடங்கல் நகல் வேண்டுமென்று இருநூறு பேர் வாசலில் ஈர வேட்டியோடு நின்றார்கள். அந்த நேரம் பார்த்து மெஷின் அடம்பிடித்தது. பிரிண்டர் அசையவில்லை. தாசில்தார் என்னைப் பார்த்த பார்வையில் நானே பிரிண்டரைக் கடித்துத் தின்றுவிட்டதுபோல இருந்தது. போன் செய்தேன். பட்டியல் எழும்பியது. நோட்பேடில், பயப்படாதீங்க என்று விழுந்தது. கால் மணி நேரத்தில் பிரிண்டர் இருமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. இருநூறு பேரும் நகலோடு போனார்கள். அன்றைக்கு அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். பொய்யாகச் சொல்லக்கூடாது. அவர் செய்த நல்லதையும் சேர்த்துச் சொன்னால்தான் செய்தது என்னவென்று புரியும்.

இரண்டாம் தடவை அவர் வந்தது ஆயுத பூஜைக்கு. தாசில்தார் விடாமல் அழைத்ததால் வந்தார். பொரிகடலைத் தட்டை நான் நீட்டினேன். "அங்க வைங்க, எடுத்துக்குறேன்" என்றார். எனக்குள் பழைய முள் ஒன்று சுருக்கென்றது. எங்கள் தெருவில் பிறந்தவர்களுக்கு அந்த வார்த்தை புதிதில்லை. மேசையில் வைத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் தாசில்தாரே சந்தனக் கிண்ணத்தோடு போனார். தாசில்தார் நாலு தலைமுறை மிராசு வீட்டுப் பிள்ளை. அவரிடமும் இவர் ஓரடி பின்னால் நகர்ந்து, "அங்க வைங்க சார்" என்றார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. இந்த மனுஷர் என்னை மட்டும் தள்ளிவைக்கவில்லை, ஊரையே தள்ளிவைக்கிறார். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. எல்லோரிடமும் எட்டி நிற்கிறவரை எல்லோரையும் சமமாகப் பார்க்கிறவர் என்று எண்ணிவிட்டேன்.

அதற்கடுத்த வருஷம் ஆட்சி மாறியது. எங்கள் ஊர்ப்பக்கம் ஆட்சி மாறினால் முதலில் மாறுவது ஆபீஸ் சுவரில் இருக்கிற படம். அடுத்து வாசலில் நிற்கிற காரின் கொடி. கரைவேட்டியின் கரை மாறுமே தவிர வேட்டிக்குள் இருப்பவர் பெரும்பாலும் அதே வீட்டுக்காரர்தான், அண்ணன் போனால் தம்பி. புதிதாக வந்த ஒன்றியச் செயலாளருக்கு ஓர் இஞ்சினீயரிங் காலேஜ் கட்ட ஆசை. மெயின் ரோட்டை ஒட்டி, வாய்க்கால் பாய்கிற, ஒரே சதுரமான நிலம் வேண்டும். அப்படி ஒரு நிலம் மடத்துக்கு இருந்தது. அதில் எங்கள் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மடத்துக் காரியஸ்தர் அடிக்கடி காரில் வந்து தாசில்தார் அறைக்குள் போவதைப் பார்த்தோம். பதிவு இருக்கிறது, யாரும் அசைக்க முடியாது என்று அப்பா தெருவில் எல்லோருக்கும் தைரியம் சொன்னார். எங்கே பதிவு இருக்கிறது என்றால், என் பொண்ணு மேசையில் இருக்கிறது என்பார்.

ஒரு வியாழக்கிழமை முற்பகல். தாசில்தார் முகாம் போயிருந்தார். திரை மூலையில் பட்டியல் எழும்பியது. நோட்பேட் திறந்து, கொஞ்சம் வேலை இருக்கு, மவுஸத் தொடாதீங்க என்று விழுந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அம்புக்குறி நேராக எங்கள் ஊருக்குப் போனது. சர்வே நம்பரைத் தேடியது. பன்னிரண்டு வரி வந்து நின்றது. மேலிருந்து முதல் வரியைத் தொட்டு, சாகுபடி செய்பவர் கட்டத்தைக் காலி செய்து, பயிர்க் கட்டத்தில் 'தரிசு' என்று போட்டது. பிறகு இரண்டாவது வரி. இடையில் பட்டியல் ஒரு தடவை தேவையில்லாமல் எழும்பி அடங்கியது. பழக்கதோஷம். பன்னிரண்டையும் முடித்துவிட்டு நோட்பேடை மூடிவிட்டுப் போனார். எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிஷம் இருக்கும். ஜன்னலுக்கு வெளியே அப்பாவின் வயலில் அப்போது தாளடி நட்டு ஒரு மாசப் பயிர் நின்றது. ஜன்னலிலிருந்து தெரியாதுதான். ஆனாலும் நின்றது.

பத்தாம் நாள் மடத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. நிலம் தரிசு, சாகுபடிதாரர் யாருமில்லை, ஆக்கிரமிப்பாளர்கள் வெளியேற வேண்டும். பன்னிரண்டு பேரும் நகல் வாங்க வந்தார்கள். காலிக் கட்டங்களோடு நகலை எடுத்துக் கொடுத்ததும் என் கைதான். செங்கொடிக்காரர்கள் ஆபீஸை முற்றுகையிட்டார்கள். அதனால் விசாரணை வைத்தார்கள். அதற்குத்தான் அவர் மூன்றாம் தடவை வந்தார்.

விசாரணை அதிகாரி நல்ல மாதிரிதான். வயசானவர், கம்ப்யூட்டரைக் கண்டால் பயம். என் மெஷினில் திருத்தம் யார் பேரில் ஏறியிருக்கிறது என்று எடுக்கச் சொன்னார். என் பேர், என் மெஷின், அந்த வியாழக்கிழமை. நான் நடந்ததைச் சொன்னேன். சார் அங்கேயிருந்து செய்தார், அம்பு தானாக ஓடியது என்றேன். அறையில் இருந்த கிளார்க்குகள் குனிந்து சிரித்தார்கள். நோட்பேடில் எழுதுவார் என்றேன். காட்டச் சொன்னார்கள். சேமித்தால்தானே காட்ட. மூலையில் பட்டியல் எழும்பும் என்றேன். அதிகாரி என்னைப் பாவமாகப் பார்த்தார்.

பழைய பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று அப்பா வாசலிலிருந்து கேட்டார். அது மழைத் தண்ணீரில் நைந்துபோனதாக மாவட்ட ஆபீஸ் கடிதம் கொடுத்திருந்தது. நான் போட்ட முடிச்சு நினைவுக்கு வந்தது.

அவர் ஒன்றும் கோபப்படவில்லை. பையிலிருந்து வெள்ளை மெஷினை எடுத்து மேசைமேல் வைத்தார். நிலக் கணக்கு சாப்ட்வேர் இருக்கிற சி.டி.யை அதிகாரி நீட்டியபோது தன் கையில் வாங்கவில்லை. என்னிடமே கொடுக்கச் சொன்னார். "நீங்களே போட்டுப் பாருங்க" என்றார். தன் மெஷினை இன்னொருவர் தொட அவர் விட்டது அன்றைக்குத்தான். நான் போட்டேன். ஒரு நிமிஷம் உள்ளே சுற்றியது. திறக்க முடியாது என்று திரையில் வந்தது. இன்னொரு தடவை போட்டேன். மறுபடியும் அதே.

"இது வேற வகை மெஷின் சார். இந்த சாப்ட்வேர் இதுல ஓடவே ஓடாது. இத வச்சுக்கிட்டு நான் எப்படி அதுல திருத்த முடியும்?"

சொன்ன மூன்று வாக்கியத்தில் பொய் என்று ஒன்றும் இல்லை. மூன்றாவது வெறும் கேள்வி, கேள்வியைப் பொய் என்று சொல்லவும் முடியாது. இதில் அது ஓட வேண்டியதே இல்லை சார், அங்கே ஓடுவதை இங்கிருந்து பிடித்து ஆட்டினால் போதும் என்று நான் விளக்கப் பார்த்தேன். பார்க்கிற புரோகிராமை அவர் தன் மெஷினிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். என் மெஷினில் இருந்த ஜோடியை, பிரிண்டர் சரிபார்க்கப் போட்டது என்றார். அதிகாரி தலையை ஆட்டினார். மாட்டுவண்டியில உக்காந்துக்கிட்டு ரயில் ஓட்டினார்னு சொல்றியாம்மா என்று கேட்டார். இந்தத் தடவை கிளார்க்குகள் குனியாமலே சிரித்தார்கள்.

ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். குற்றம் என்றுகூட எழுதவில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று தலையாரி வந்து சொன்னார். அப்படியே அந்தக் கட்டங்களைத் திருத்துவார்கள் என்று பார்த்தால், விஷயம் கோர்ட்டுக்குப் போய்விட்டது, தீர்ப்பு வரும்வரை இருப்பது இருக்கிறபடி இருக்கட்டும் என்றார்கள். இருந்தது காலிக் கட்டம். வழக்கு வாய்தா மேல் வாய்தாவாக நடந்துகொண்டிருக்கும்போதே போலீஸ் காவலோடு லாரி லாரியாகச் செம்மண் கொட்டி வயலை மூடினார்கள். பச்சைப் பயிர்மேல் மண் விழுவதை எங்கள் தெரு வரிசையாக நின்று பார்த்தது. காலேஜ் வந்துவிட்டது. அதில் கம்ப்யூட்டர் பிரிவுக்குத்தான் கிராக்கியாம்.

பல வருஷம் கழித்துத் திருவாரூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டார், சொந்த ஊரான பூதலூர்ப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறாராம். பந்தியில் உட்காராமல் ஓரமாக நின்று, தன் பாட்டிலிலிருந்து தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார். ஒதுங்கிப் போயிருக்கலாம். போகவில்லை. என்னை அடையாளம் தெரிகிறதா என்று கேட்டேன். தெரிந்தது. நல்லா இருக்கீங்களா என்று கேட்டார். நல்லா இல்லை சார் என்றேன். பாட்டிலை மூடினார்.

"எனக்கு நம்பர் மட்டும்தாங்க குடுத்தாங்க. நான் பேரப் பாக்கல. அந்த ஊருக்கே நான் வந்ததில்ல."

அதுவும் உண்மைபோலத்தான் கேட்டது. அந்த வயலின் சேறு அவர் காலில் பட்டதில்லை. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் முகம் அவருக்குத் தெரியாது. ஆனால் பேரைப் பார்க்கவில்லை என்றாரே, அது மட்டும் பொய். அது பொய் என்று தெரிந்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான். அந்த மண்டபத்தில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் நானும் மாட்டிக்கொள்வேன்.

விசாரணை முடிந்த அன்று வீட்டுக்குப் போனபோது அப்பா வாசலில் குந்தியிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"அவன் அழிக்கும்போது நீ எங்க பாப்பா இருந்த?"

"டீ குடிக்கப் போயிருந்தேம்பா."

அப்பா பெரிய மூச்சு ஒன்று விட்டார். அதன் பிறகு அவர் தெருவெல்லாம் அதைத்தான் சொன்னார். என் பொண்ணு சீட்டுல இல்லாத நேரம் பாத்து பண்ணிட்டானுவ, அவ இருந்திருந்தா விட்டிருப்பாளா என்று. மற்ற பதினோரு வீட்டாரும் அதை நம்பினார்கள். வேலை போன பிள்ளை என்று எனக்கு அரிசி கொண்டுவந்து கொடுத்தார்கள், நிலம் போனவர்கள். அப்பா அதை நம்பியபடியே போய்ச் சேர்ந்தார்.

நான் சீட்டில்தான் இருந்தேன். மூன்றாவது வரி அப்பாவுடையது. அம்புக்குறி அதன்மேல் வந்து நின்றபோது என் கை தானாக மடியிலிருந்து எழுந்து மவுஸைப் பிடித்தது. அம்பு ஆடியது. நான் இந்தப் பக்கம் இழுக்க, அவர் அந்தப் பக்கம் இழுத்தார். ஒரு கையால் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் நோட்பேடில், சார், இது எங்க அப்பா பேர் என்று அடித்தேன். எல்லாம் நின்றது. முப்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் அவர் அதைப் படித்தார். நான் மெஷின் வயரைப் பிடுங்கியிருக்கலாம். எட்டினால் தொடுகிற தூரத்தில்தான் பிளக் இருந்தது. பிறகு என் வரிக்குக் கீழே எழுத்து ஒவ்வொன்றாக விழுந்தது.

மேலேருந்து சொல்லிட்டாங்க. கைய எடுங்க.

அப்பாவைப் பார்த்து 'கைய எடுடா' என்று களத்தில் கத்தினவர்கள் உண்டு. தடியோடு வந்து சொன்னவர்களும் உண்டு. அப்பா நெல்மூட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை, அதற்குத்தான் ஜெயிலுக்குப் போனார். என்னிடம் யாரும் கத்தவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார்.

நான் எடுத்துவிட்டேன்.